ஆமைக்குஞ்சு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

சித்திரை பிறந்து லண்டனில் கொஞ்சம் வெயில் தலைகாட்டினால் போதும், எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "அங்கிள், மகள் ஆமை வேணும்னு அடம்பிடிக்கிறா. எங்கே வாங்கலாம்?" நாய்க்கு நேரமில்லை, பூனை முடி ஒத்துக்கொள்ளாது என்கிற வீடுகளுக்கு ஆமை நல்ல சமரசமாகத் தோன்றுகிறது. குரைக்காது, சோபாவைக் கிழிக்காது. ஆனால் உடம்புக்கு முடியாத ஆமையும் அப்படித்தான் சத்தமில்லாமல் இருக்கும். நாய்க்கு நோய் வந்தால் நாலு நாளில் தெரிந்துவிடும்; ஆமைக்குஞ்சு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேயும். நீங்கள் காசு கொடுக்கும் நாளில், முட்டையிலிருந்து அதை வளர்த்தவர் செய்ததும் செய்யாததும் அதன் உடம்பில் ஏற்கெனவே ஏறியிருக்கும். அதனால் குஞ்சைத் தேடுமுன் ஆளைத் தேடுங்கள். இங்கே பல காலமாக ஆமை வளர்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் இனத்தை முடிவு செய்யுங்கள். 'ஏதாவது ஒரு ஆமை' என்று கிளம்பினால் கடைக்காரர் கையில் எது மிச்சமோ அதுதான் உங்கள் வீட்டுக்கு வரும். இங்கிலாந்துக் குளிரில் புதியவர் வளர்க்க ஏற்றது ஹெர்மன் ஆமை. தெற்கு ஐரோப்பாவின் புதர்க்காட்டு ஆமை இது. வளர்ந்தாலும் பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர்தான். ஹார்ஸ்ஃபீல்ட் ஆமை மத்திய ஆசியாவின் வறண்ட நிலத்துக்காரர், மண் தோண்டுவதில் மன்னர். (1968இல் சோவியத்தின் சோண்ட் 5 விண்கலத்தில் நிலவைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பியவை இந்த இனத்து ஆமைகள்தான். உங்கள் தோட்ட வேலியைத் தாண்டுவது அவற்றுக்கு ஒரு பொருட்டா!) இதில் ஒரு எச்சரிக்கை: உஸ்பெகிஸ்தான் பக்கமிருந்து காட்டில் பிடித்த ஹார்ஸ்ஃபீல்ட்கள் நெடுங்காலமாக ஏற்றுமதியாகி வருகின்றன. 'குஞ்சு' என்று விற்கப்படுவது யார் வீட்டு முட்டையில் பொரித்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

சுல்காட்டா குஞ்சு உள்ளங்கையில் உட்கார்ந்து உங்களை மயக்கும். அது 50 கிலோவைத் தாண்டக்கூடிய ஆப்பிரிக்க ஆமை, குளிர்காலத்தில் உறங்கவும் உறங்காது. டெரஸ் வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

நம்மவர்களில் பலர் ஊர் நினைவில் நட்சத்திர ஆமையைக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது காட்டுயிர்ச் சட்டம் காக்கிற உயிர். அங்கே அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2019இல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு, அதாவது மிகக் கடுமையான பட்டியலுக்கு, அதை ஏற்றிவிட்டார்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் பிடிபடுகிறதே, அதே ஆமைதான். ஊரில் உள்ள உறவினர் யாராவது 'இங்கே சுலபமா கிடைக்கும்' என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே வெட்டிவிடுங்கள்.

2. காத்திருக்கப் பழகுங்கள். தோட்டத்தில் வளரும் ஹெர்மன் ஆமை வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடையிலும் முட்டையிடும். இன்குபேட்டரில் ஏறக்குறைய இரண்டு மாதம், சில சமயம் இன்னும் கூட. அதன்பின் மஞ்சள் கரு முழுக்க உடம்புக்குள் அடங்கி, குஞ்சு தானாகத் தின்று, எடை ஏறுவதைப் பார்த்த பிறகே நல்ல வளர்ப்பாளர் கையைவிட்டு அனுப்புவார். நான் கேட்டால் மூன்று மாதமாவது ஆகட்டும் என்பேன். ஆறு மாதம் என்றால் இன்னும் நல்லது. வருடத்தின் எந்த மாதத்தில் கேட்டாலும் 'எத்தனை வேண்டும்?' என்கிற ஆள் வளர்ப்பாளர் இல்லை, வாங்கி விற்கிறவர். அப்படி விற்பது தொழிலானால் இங்கிலாந்தில் உள்ளூர் கவுன்சிலின் உரிமம் வேண்டும். அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

3. காகிதம். 'ஆமை புகுந்த வீடும் அமீனா நுழைந்த வீடும் உருப்படாது' என்று உங்கள் அம்மா இதற்குள் ஊரிலிருந்து எச்சரித்திருப்பார். காகிதம் இல்லாமல் வாங்கினால் ஆமைக்குப் பின்னாலேயே அமீனாவும் வர வாய்ப்பு உண்டு, அந்த அளவில் அம்மா சொல்வது சரி. ஹெர்மன், கிரேக்க ஆமை எனப்படும் தொடைமுள் ஆமை, மார்ஜினேட்டட், எகிப்திய ஆமை, நட்சத்திர ஆமை ஆகியவற்றை இங்கே விற்க ஆர்ட்டிக்கிள் 10 என்ற அரசுச் சான்றிதழ் வேண்டும். விற்றபின் வாங்கித் தருகிற காகிதம் அல்ல அது. விற்பனைக்கு என்று சொல்லுமுன்பே விற்பவர் கையில் இருக்க வேண்டும். 'தபாலில் அனுப்புகிறேன்' என்றால் வாசலைத் தாண்டி வெளியே வந்துவிடுங்கள். நகல் வேண்டாம், அசலையே வாங்குங்கள். குஞ்சின் அடி ஓட்டின் நீளம் 60 மில்லிமீட்டரை எட்டும்வரை மைக்ரோசிப் தேவையில்லை. அதற்கு மேல் வளர்ந்தது என்றால் சிப் இருக்க வேண்டும், அந்த எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹார்ஸ்ஃபீல்டுக்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கே, யாரிடம், எப்போது பொரித்தது என்று கையொப்பமிட்ட ரசீது ஒன்றை எழுதி வாங்கி வையுங்கள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1984இல் மத்தியதரைக்கடல் ஆமைகளின் வணிக இறக்குமதி நிறுத்தப்படும்வரை மொராக்கோவிலிருந்தும் யூகோஸ்லாவியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் அவை கூடை கூடையாக இந்த நாட்டுக்கு வந்தன. சந்தையில் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டி வைத்தார்கள். பெரும்பாலானவை முதல் குளிர்காலத்தையே தாண்டவில்லை. தப்பியவற்றின் ஓட்டில் அந்தத் துளையை இன்றும் பார்க்கலாம்.

4. நேரில் போங்கள். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சந்திக்கலாம், கார் நிறுத்துமிடத்தில் பெட்டியைத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். தாய் தகப்பன் ஆமைகளைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஆமை வளர்ப்பவருக்கு அதைக் காட்டுவதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. தேநீர் ஆறிப்போகும்வரை தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார், பேர் சொல்லி அழைத்துக் காட்டுவார், அது திரும்பியும் பார்க்காது. தயங்குகிறவருக்கு மறைக்க ஏதோ இருக்கிறது.

5. அந்தத் தோட்டத்தில் எத்தனை இனம் ஒன்றாகத் திரிகிறது என்று கவனியுங்கள். புதியவர்கள் இதை ரசிப்பார்கள். எனக்கு இதுதான் முதல் அபாய மணி. ஆமைகளுக்கு ஹெர்பிஸ் வைரஸ் உண்டு. கிரேக்க ஆமை அதைச் சுமந்துகொண்டு வருடக்கணக்கில் வெளிக்குத் தெரியாமல் நன்றாகவே இருக்கும். அதே கிருமி ஹெர்மனுக்குத் தொற்றினால் வாயும் நாக்கும் புண்ணாகித் தின்ன முடியாமல் செத்துப்போகும். மூக்கொழுகலைக் கொண்டுவரும் மைக்கோபிளாஸ்மாவும் இப்படித்தான் கூட்டத்தில் பரவும். எனவே மூன்று கேள்விகள் கேளுங்கள். இனங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறாரா? புதிதாக வாங்கிய ஆமையை எத்தனை காலம் ஒதுக்கி வைக்கிறார்? ஒரு கூண்டில் வேலை செய்தபின் அடுத்ததைத் தொடுமுன் கை கழுவுகிறாரா? மாதக்கணக்கில் ஒதுக்கி வைப்பவர்தான் விஷயம் தெரிந்தவர். 'ஒரு வாரம் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு' என்றால் அவருக்கு இந்த வைரஸைப் பற்றித் தெரியாது.

6. குஞ்சு வாழும் பெட்டியைக் குனிந்து பாருங்கள். ஒரு மூலையில் 32, 33 டிகிரி வெப்பம் தரும் விளக்கு. எதிர் மூலை குளிர்ச்சி. யூவிபி குழல்விளக்கு கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ஓட்டில் சுண்ணாம்பு பிடிக்காது. அதை எப்போது மாற்றினார் என்று கேளுங்கள், ஏனென்றால் வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும்போதே யூவி குறைந்துபோகும். தரையில் மண்ணும் தென்னை நார்த்தூளும் ஈரப்பதத்தோடு இருக்க வேண்டும். வறண்ட மரச்சீவல் மட்டும் போட்டிருந்தால் ஓடு கோபுரம் கோபுரமாக எழும்பி நிற்கும். புரதம் கூடினால்தான் அப்படி ஆகும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். 2003இல் வெளியான, சுல்காட்டா குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, காற்றில் ஈரம் குறைவதே அதைவிடப் பெரிய காரணம் என்று காட்டியது. விற்பனைக்கு இருக்கும் குஞ்சுகளைவிட, போன வருடக் குஞ்சுகளையும் அதற்கு முந்தையவற்றையும் காட்டச் சொல்லுங்கள். ஓடு வழவழவென்று வளர்ந்திருந்தால் அவர் சொல்வதையெல்லாம் நம்பலாம்.

தீனியும் அங்கேயே தெரியும். தட்டில் டேண்டிலையன், பிளான்டெயின் களை, க்ளோவர், முசுக்கொட்டை இலை, செம்பருத்தி என்று களையும் இலையும் கிடந்தால் நல்லது. தக்காளி, வெள்ளரிக்காய், ஐஸ்பர்க் லெட்யூஸ் மட்டும் கிடந்தால் குஞ்சு வயிறு நிறைந்து பட்டினி கிடக்கிறது என்று பொருள். பக்கத்தில் கணவாய் ஓடு ஒன்று கிடக்க வேண்டும், நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்களே, அதேதான். எடை எழுதிய நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பொரித்த நாளில் பத்துப் பன்னிரண்டு கிராம் இருந்தது, இப்போது எவ்வளவு? சீராக, மெதுவாக ஏறியிருக்க வேண்டும். திடீரென்று எகிறியிருந்தால் தீனியைத் திணித்திருக்கிறார்.

7. கடைசியாகக் குஞ்சைக் கையில் எடுங்கள். இளங்குஞ்சின் ஓடு நகம் போலக் கொஞ்சம் வளையும், அது இயல்பு. ஆனால் ஒரு வயதுக் குஞ்சின் ஓடு அமுங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கண் அகலத் திறந்திருக்க வேண்டும், உப்பியிருக்கக் கூடாது. மூக்கில் நீர்க்குமிழி இருக்கக் கூடாது, மூச்சு விடும்போது வாய் திறக்கக் கூடாது. வால் பக்கம் சுத்தமாக இருக்கட்டும். அடியோட்டின் நடுவில் தொப்புள் தழும்பு மூடியிருக்க வேண்டும். பார்ப்பதற்குக் குட்டியாக இருந்தாலும் கையில் கல் மாதிரிக் கனக்க வேண்டும். விரலைப் பின்காலில் வைத்தால் உதைக்க வேண்டும். தரையில் விட்டால் வயிற்றை இழுக்காமல் தூக்கி நடக்க வேண்டும். இவ்வளவும் பார்த்துவிட்டு, உங்கள் முன்னால் ஒரு இலையைத் தின்னட்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கடியில் கண்மூடிக் கிடக்கிற குஞ்சுக்கு 'தூங்குது பாவம்' என்று சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள்.

முதுகில் ஒரு தட்டு கூடுதலாகவோ கோணலாகவோ இருக்கலாம். இன்குபேட்டரில் வெப்பம் கூடியோ ஈரம் குறைந்தோ இருந்திருக்கும். பார்வைக்குத்தான் அது குறை, உடம்புக்கு அல்ல. என் கண்ணுக்கு அவைதான் அழகு.

8. ஆணா பெண்ணா என்று உறுதி கேட்காதீர்கள். முட்டை இருந்த வெப்பம்தான் அதைத் தீர்மானிக்கிறது. ஹெர்மனுக்குச் சுமார் 31.5 டிகிரிக்குக் கீழே ஆண், மேலே பெண் என்று பொதுவாக அமையும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்லச் சில வருடம் ஆகும். 'இன்குபேட்டரை இத்தனையில் வைத்தேன், பெண்ணாக இருக்க வாய்ப்பு' என்பவர் நேர்மையானவர். 'சத்தியமாகப் பெண்' என்று கூடுதல் விலை கேட்பவர் கதை விடுகிறார். செல்போர்ன் ஊரில் இயற்கையியலாளர் கில்பர்ட் வைட் வளர்த்த புகழ்பெற்ற ஆமைக்கு டிமோதி என்று ஆண் பெயர். அது பெண் என்று செத்த பிறகுதான் தெரிந்தது.

9. 'தனியா இருந்தா ஏங்கும், இரண்டா வாங்கிக்குங்க' என்பது விற்பவரின் கணக்கு. ஆமைக்குத் துணை தேவையில்லை. இரண்டில் ஒன்று மற்றதை மிரட்டித் தீனியிலிருந்து துரத்தும், அது நமக்குத் தெரியவும் தெரியாது.

10. அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா? தோட்டம் உண்டா, எந்தப் பக்கம் வெயில் விழும், பெட்டியும் விளக்கும் முன்கூட்டியே வாங்கிவிட்டீர்களா, உறக்கக் காலத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்? குளிர்கால உறக்கத்துக்கு ஆமையைச் சுமார் 5 டிகிரியில் தனி ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் இங்கே நிறையப் பேர். இதை மாமியாரிடம் விளக்கும் பொறுப்பு உங்களுடையது. அடுத்து, ஆமை அறுபது எழுபது வருடம் வாழக்கூடியது, உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்றும் கேட்பார். கோபப்படாதீர்கள், யோசித்துப் பதில் சொல்லுங்கள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் காசை எண்ணி வாங்கியவரிடம் நான் இரண்டாம் முறை போனதில்லை. பதில் சொல்லத் திணறினால், வீடு தேடும் வளர்ந்த ஆமை ஒன்றைக் காப்பகத்திலிருந்து எடுப்பதைப் பற்றி யோசியுங்கள். குஞ்சின் முதல் இரண்டு வருடத் தொல்லை அதில் இருக்காது.

11. விலையில் பேரம் பேசுவது நம் இரத்தத்தில் இருக்கிறது, இங்கே அதை அடக்குங்கள். பெட்டி, விளக்கு, தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்ந்தால் குஞ்சின் விலையை எட்டிவிடும், தாண்டினாலும் தாண்டும். குஞ்சில் நாற்பது பவுண்டு மிச்சம் பிடித்து மருத்துவருக்கு நானூறு கொடுப்பது லாபமா?

12. வாங்கி வந்தபின்: பெட்டியை ஒரு வாரம் முன்பே சூடாக்கி, வெப்பத்தை அளந்து வைத்திருங்கள். முதல் நாளிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை மட்டத்துக்கு மேல் ஏறாமல், தினம் பத்து நிமிடம் குளிப்பாட்டுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதுங்கள். பிள்ளைகள் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், சால்மோனெல்லா ஆமையோடு வரும். நாய் பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர் போதாது, ஊர்வன பார்ப்பவரை வாங்குமுன்பே தேடி வைத்து, முதல் மாதத்துக்குள் மலத்தைக் கொடுத்துப் புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்று நாள் தின்னவில்லை என்றால் வளர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். நல்லவரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்றால் முதலில் பெட்டியின் வெப்பம் என்ன என்று கேட்பார். தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.