விண்டோஸ் சர்வர்களைத் தொலைவிலிருந்து கண்காணித்தல்

சர்வர் என்றதும் நம் ஊர்க்காரர்க்கு நினைவில் வருபவர் உணவு விடுதியில் இட்டலி கொண்டுவருபவரே. கணிப்பொறி உலகிலும் அச்சொல்லின் பொருள் பெரிதும் மாறிவிடவில்லை. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொண்டுவந்து தருவதே அதன் தொழில். வேறுபாடு ஒன்று உண்டு. விடுதியில் பரிமாறுபவர் மயங்கி விழுந்தால் எல்லார் கண்ணிலும் படும். பூட்டிய அறையில் உள்ள சர்வர் நின்றுபோனாலோ, தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மாணவர் கூச்சலிடும்வரை ஒருவர்க்கும் தெரியாது.

நம் மாணவருள் பலர் ஆய்வுக்கூடங்களிலும், பயிற்சிக்குச் செல்லும் அலுவலகங்களிலும் இக்காவற்பணியை ஏற்கின்றனர். அவர்கட்காகவே இப்பாடம்.

கண்காணிப்பு என்றவுடன் பலரும் ‘பிங்’ செய்து பார்க்கின்றனர். மறுமொழி வந்தால் மனநிறைவு அடைகின்றனர். மூச்சு இருக்கிறது என்பதால் நோயில்லை என்று சொல்லிவிட முடியுமா? கணிப்பொறி மறுமொழி தந்துகொண்டே இருக்கும். உள்ளே தரவுத்தளச் சேவை நின்று ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மாறாக, ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருந்தால், நலமாயுள்ள சர்வரும் இறந்ததுபோல் தோன்றும். ஆகவே நாடி பிடித்துப் பார்த்தல் வேண்டும். செயலியின் உழைப்பு, எஞ்சிய நினைவகம், வட்டில் மிச்சமுள்ள இடம், சேவைகளின் நிலை ஆகியவை நாடியாகும். இவற்றோடு ‘ஈவென்ட் லாக்’ என்னும் நிகழ்வுப் பதிவேட்டையும் படித்தல் வேண்டும். அதில் 6008 என்ற எண் கண்டால், முன்பு கணிப்பொறி முறையாக மூடப்படாமல் நின்றது என்று பொருள். 7034 என்றால் சேவை ஒன்று எதிர்பாராமல் முடிந்தது. 4625 தவறிய நுழைவைக் குறிக்கும்; ஒரே இரவில் அது நூற்றுக்கணக்கில் வந்தால், யாரோ கடவுச்சொல்லை ஊகித்து முயல்கின்றனர் என்று ஐயுற இடமுண்டு.

இவற்றைத் தொலைவிலிருந்து அறிய வழிகள் பல உள்ளன. எஸ்.என்.எம்.பி. என்பது பழைய வழி. விண்டோஸுடன் வரும் அச்சேவை, பாதுகாப்பு மிக்க மூன்றாம் பதிப்பை அறியாது. அதன் அடையாளச் சொல் வலையில் வெளிப்படையாகவே செல்லும். 2012 சர்வர் பதிப்பு முதல் மைக்ரோசாஃப்ட் அதனைக் கைவிடற்குரியவற்றுள் சேர்த்துவிட்டது. புதிதாக அமைப்போர் அதனைத் தொட வேண்டுவதில்லை.

அடுத்தது டபிள்யூ.எம்.ஐ. தொலைவிலிருந்து இது 135 என்னும் கதவைத் தட்டும். பின்னர் 49152 முதல் 65535 வரையுள்ள எண்களுள் ஏதேனும் ஒன்றில் பேச்சைத் தொடரும். ஒரு பேச்சுக்காக ஃபயர்வாலில் 16,384 கதவுகளை எதிர்பார்த்து நிற்க வேண்டியுள்ளது! வின்ஆர்எம் இத்தொல்லையை நீக்கியது. அதற்கு 5985 என்னும் ஒரு கதவு போதும். சான்றிதழ் வைத்துக்கொண்டால் 5986. ஒரே டொமைனுக்குள் கெர்பரோஸ் முறையில் நுழையும்போது 5985 வழியே செல்லும் செய்தியும் மறைகுறியாகவே செல்லும். ஆயினும் கடிகாரங்கள் தம்முள் 5 நிமிடத்திற்குமேல் பிசகினால், இயல்பான அமைப்பில், கெர்பரோஸ் உள்ளே விடாது. காரணம் தெரியாத பல பிழைகளுக்குக் கடிகாரமே காரணம்.

ஒவ்வொரு சர்வரிலும் சிறு முகவர் நிரலை நிறுவுவது மற்றொரு வழி. 2001இல் வெளிவந்த சாபிக்ஸ் இவ்வகையினது, கட்டணமின்றிக் கிடைப்பது. அதன் முகவர் 10050 கதவில் காத்திருக்கும். அல்லது தானே 10051 வழியாக நடுநிலையத்திற்குச் செய்தி அனுப்பும். இரண்டாம் முறையில் சர்வரில் வெளியார்க்கென ஒரு கதவும் திறக்க வேண்டாம் என்பதால், கல்லூரி அளவில் அதுவே நன்று என்பது என் கருத்து.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். காவற்பணிக்கென அமைக்கும் கணக்கிற்கு எவ்வளவு உரிமை தருவது? எண்களைப் படிக்க ‘பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் யூசர்ஸ்’, பதிவேட்டைப் படிக்க ‘ஈவென்ட் லாக் ரீடர்ஸ்’, வின்ஆர்எம் வழியே நுழைய ‘ரிமோட் மேனேஜ்மென்ட் யூசர்ஸ்’ ஆகிய குழுக்களில் சேர்த்தால் பெரும்பகுதி நடந்துவிடும். டபிள்யூ.எம்.ஐ. தகவல் வேண்டுமாயின் அதன் பெயர்வெளியில் ‘ரிமோட் எனேபிள்’ இசைவும் தரவேண்டும். சேவைகளின் நிலையை அறியத் தனி இசைவு தேவைப்படும். இந்த இடத்தில்தான் பலர் சலித்து, அக்கணக்கை ‘டொமைன் அட்மின்ஸ்’ குழுவில் போட்டுவிடுகின்றனர். உடனே எல்லாம் வேலை செய்யும். கண் மட்டும் வேண்டியவனுக்கு வீட்டுச் சாவி முழுவதும் தந்தாயிற்று.

கங்காணி என்னும் சொல் கண்காணி என்பதன் திரிபே. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் மேற்பார்வை செய்ய நின்றவன் கையிலேயே ஆளெடுப்பும் கடன் கணக்கும் சேர்ந்தபோது அவன் என்ன ஆனான் என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கணிப்பொறியிலும் அது நிகழ்ந்தது. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரையன் என்பது வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருள். அதன் புதுப்பிப்பிலேயே பகைவர் தம் நிரலை ஒளித்துவைத்திருந்தது 2020 டிசம்பரில் வெளிப்பட்டது. ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்வரை அப்புதுப்பிப்பை ஏற்றிருந்தனர். அமெரிக்க அரசின் துறைகளும் அவற்றுள் அடங்கும். எல்லாவற்றையும் காணும் இடமாதலின் பகைவர் அதனைத் தேர்ந்தனர். ஆகவே கண்காணிப்பு நிலையத்தையே தனி வலைப்பகுதியில் வைத்து, வெளியுலகத் தொடர்பைச் சுருக்கி, அதன் கணக்கு எங்கெங்கு நுழைகிறது என்பதையும் பதிவேட்டில் பார்த்து வருதல் வேண்டும்.

பழக விரும்புவோர் விடுதி அறையிலேயே தொடங்கலாம். விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பு கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒரு மடிக்கணினியில் இரண்டு மெய்நிகர் கணிப்பொறிகளை நிறுவுங்கள். எச்சரிக்கை வரம்புகளை முதலிலேயே இறுக்கமாக வைக்காதீர்கள். செயலி ஒரு நொடி 90 விழுக்காட்டைத் தொட்டதற்கெல்லாம் மணி அடித்தால், மூன்றாம் நாள் ஒருவரும் மணியைக் கேளார். பத்து நிமிடம் தொடர்ந்தால் அடிக்கட்டும். பிறகு அச்சுப்பணிச் சேவையாகிய ‘பிரின்ட் ஸ்பூலரை’ நீங்களே நிறுத்திப் பாருங்கள். எச்சரிக்கை வருகிறதா, எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்துக் கண்காணிப்பு நிலையத்தையே நிறுத்திவிட்டு, அதனை உங்களுக்கு அறிவிப்பவர் யார் என்று பாருங்கள்.