டேபிள் யார் பேரில் இருக்கிறது?

போஸ்ட்கிரஸ் டேபிளில் புது ஃபீல்டு சேர்க்கப் போனால் ‘மஸ்ட் பி ஓனர் ஆஃப் டேபிள்’ என்று முரண்டு பிடிக்கிறதா? பலரும் உடனே ‘கிராண்ட் ஆல்’ கொடுத்துப் பார்ப்பார்கள். பலன் இருக்காது. டேட்டாவைப் படிக்க, எழுத, அழிக்க அனுமதி வேறு. டேபிளின் அமைப்பையே மாற்றும் உரிமை வேறு. அது ஓனர் ரோலுக்கும் அதன் உறுப்பினர்களுக்கும் சூப்பர்யூசருக்கும் மட்டும்தான்.

பி.எஸ்.க்யூ.எல். திரையில் பின்சாய்கோடு போட்டு ‘டிடி’ என்று அடியுங்கள். வலக்கோடியில் ஓனர் பெயர் தெரியும். ‘போஸ்ட்கிரஸ்’ என்று இருந்தால், யாரோ அட்மின் லாகினில் பேக்கப்பை ரீஸ்டோர் செய்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரே டேபிள் என்றால் அட்மின் லாகினில் ‘ஆல்டர் டேபிள்... ஓனர் டு...’ போதும். சீரியல் ஃபீல்டின் சீக்வென்ஸும் கூடவே மாறிவிடும். நிறைய இருந்தால் ‘ரீஅசைன் ஓன்ட் பை’. பழைய ஓனர் ‘போஸ்ட்கிரஸ்’ என்றால் மட்டும் இது வேலைக்காகாது. சிஸ்டம் சமாசாரங்களும் அதன் பேரில் இருப்பதால் எரர்தான் வரும். டேபிள் டேபிளாக மாற்ற வேண்டியதுதான்.

வேலையை விட்டுப் போனவரின் ரோலை நீக்குகிறீர்களா? ஒவ்வொரு டேட்டாபேஸிலும் முதலில் ‘ரீஅசைன் ஓன்ட்’, அப்புறம் ‘டிராப் ஓன்ட்’, கடைசியில் ‘டிராப் ரோல்’. வரிசை மாறினால் அவர் பேரில் இருந்த டேபிள்களே போய்விடும், ஜாக்கிரதை!

அடுத்த முறை ‘பிஜி ரீஸ்டோர்’ ஓட்டும்போது ‘நோ ஓனர்’ சேர்த்து, ஆப் யூசராகவே லாகின் செய்யுங்கள்.