சாகாவும் கஞ்சிலும்

மலேசியச் சாலைகளில் இன்றும் அவ்வப்போது கண்ணில் படும் பழைய மகிழுந்துகள் புரோட்டோன் சாகாவும் பெரோடுவா கஞ்சிலும் ஆகும். நாட்டின் முதல் தேசிய மகிழுந்தான சாகா, 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகம் கண்டது. கஞ்சில் 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்தது. மலாய்மொழியில் 'கஞ்சில்' என்றால் சருகுமான் என்று பொருள். சிறிய வண்டிக்குப் பொருத்தமான பெயர்தான்.

இவ்விரண்டில் எது சிறந்தது? விடை கூறுமுன் அவற்றின் விவரங்களை ஒப்பிட வேண்டும். சாகாவில் 1.3 லிட்டர், 1.5 லிட்டர் என இருவகை இயந்திரங்கள் இருந்தன. கஞ்சிலிலும் 660, 850 என இருவகை உண்டு. எந்த வகையை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். இங்கு 1.3 லிட்டர் சாகாவையும் கஞ்சில் 660ஐயும் எடுத்துக்கொள்வோம்.

சாகாவின் இயந்திரம் நான்கு உருளைகளையும் 1298 சி.சி. கொள்ளளவையும் கொண்டது. கஞ்சிலின் இயந்திரத்தில் மூன்று உருளைகளே உள்ளன. கொள்ளளவு 659 சி.சி. கொள்ளளவு மிகுந்தால் இயந்திரம் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகக் காற்றையும் எரிபொருளையும் எரித்து, அதிக ஆற்றலைத் தரும். ஆகவே, ஐவரையும் பயணப் பைகளையும் சுமந்து மலைப்பாதையில் ஏறுவது சாகாவுக்கு எளிது. அதே சுமையோடு ஏறும் கஞ்சில், குறைந்த கியரில் இரைச்சலோடு திணறும்.

அப்படியானால், கஞ்சிலின் செயல்திறன் சாகாவில் பாதிதானா? இல்லை. கஞ்சிலின் எடை மிகவும் குறைவு. எனவே, ஓரிருவர் நகருக்குள் சென்றுவர அந்தச் சிறிய இயந்திரமே போதும். எரிபொருளும் மிச்சமாகும். சாகாவின் நீளம் ஏறத்தாழ 4.1 மீட்டர், கஞ்சிலின் நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். நெரிசலான இடத்தில் நிறுத்துவதற்குக் கஞ்சிலே வசதியானது. தீபகற்ப மலேசியாவில் 1000 சி.சி.க்கு மேற்படாத தனியார் மகிழுந்துக்கு ஆண்டுச் சாலை வரி 20 ரிங்கிட். 1201 முதல் 1400 சி.சி. வரையிலான மகிழுந்துக்கு 70 ரிங்கிட். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்னும் பழமொழி கஞ்சிலுக்குப் பொருந்தும்.

எனினும், இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அறிமுகமானபோது இவற்றில் காற்றுப்பைகள் இல்லை. மேலும், விவரக்குறிப்பில் உள்ள எண்கள் புதிய வண்டிக்கு உரியவை. பல்லாண்டுகள் ஓடிய வண்டியில் சக்கரம், நிறுத்துவிசை, இருக்கைப் பட்டை ஆகியவற்றின் இன்றைய நிலையே பயணிகளின் உயிரைக் காக்கும். பழைய மகிழுந்தை மலிவு விலைக்கு வாங்க நினைக்கும் இளையோர் இதை மறக்கக்கூடாது.

ஆகவே, 'எது சிறந்தது?' என்று மட்டும் கேட்பது போதாது. யார் ஓட்டப் போகிறார், எங்கே ஓட்டப் போகிறார், எத்தனை பேர் பயணம் செய்வர் என்றும் கேட்க வேண்டும். அக்கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே எண்களை ஒப்பிடுவதில் பயன் உண்டு.