நாளுக்கு 2 அலகு

கேள்வி: போன மாதம் 58 அலகு, இந்த மாதம் 64. கூடினது ஆறே அலகு. கரண்ட் பில்லோ எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. 1000 வாட் என்று போட்டிருப்பதால் அயனைக்கூடப் பயந்து பயந்துதான் பாவிக்கிறோம். நுரைச்சோலை அனல்மின் நிலையம் பக்கத்தில் இருந்தும் எங்களுக்கு ஏன் இந்த நிலை?
- வாசகி, கற்பிட்டி

பதில்: சகோதரி, பில்லை ஏற்றியது 60 என்ற எல்லை. மாதம் 60 அலகுக்குள் நின்றால் முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்கு ஒரு விலை, இரண்டும் மலிவு. 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விலை. நிலையான கட்டணமும் ஏறும். இது 30 நாள் கணக்கு. பில் 33 நாளுக்கு என்றால் எல்லை 66 ஆகும்.

நுரைச்சோலையின் 900 மெகாவாட்டும் தேசிய மின்கட்டமைப்புக்கே போகிறது. எரிக்கும் நிலக்கரியும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. கட்டணத்தை முழு நாட்டுக்கும் பொதுவாகப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறது. பக்கத்து ஊர் என்ற சலுகை அதில் இல்லை.

அயனுக்குப் பயப்படாதீர்கள். வாட்டை மணித்தியாலத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வருவதே அலகு. 1000 வாட் அயன் தினமும் கால் மணித்தியாலம் ஓடினால் மாதம் 7.5 அலகு. 75 வாட் ஃபேன் இரவில் பத்து மணித்தியாலம் சுழன்றால் 22.5 அலகு, அயனைப்போல் மூன்று மடங்கு!

அதற்காகக் கடற்கரைப் புழுக்கத்தில் பிள்ளைகளை ஃபேன் இல்லாமல் படுக்க வைக்காதீர்கள். பழைய 60 வாட் குண்டு பல்ப் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு. 9 வாட் எல்ஈடி பல்ப் என்றால் ஒன்றரைகூட வராது. அப்படியொரு குண்டு பல்ப் வீட்டில் இருந்தால், அந்த ஒரு மாற்றமே உங்களை 60க்குள் கொண்டுவரும். ஃபேன் பழுதாகி மாற்றும்போது 30 வாட் அளவிலான பிஎல்டிசி ஃபேன் வாங்குங்கள். பிரிட்ஜ் இருந்தால் கதவு ரப்பர் இறுக்கமாகப் பிடிக்கிறதா, பின்பக்கக் குழாயில் தூசும் உப்புக்காற்றின் துருவும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சூடு வெளியேறாவிட்டால் மோட்டர் கூடுதல் நேரம் ஓடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாரம் ஒருமுறை மீற்றர் இலக்கத்தைக் கலண்டரில் குறியுங்கள். நாளுக்கு 2 அலகு, வாரத்துக்கு 14. அதைத் தாண்டினால் அடுத்த வாரமே குறைத்துக்கொள்ளலாம். இன்றைக்கே முதல் இலக்கத்தை எழுதுங்கள்.