செவிலியப் பாடம்: நாடியும் இரத்த அழுத்தமும்

நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் இயல்பளவை மேல்நிலைச் செவிலிய மாணவர்கள் எளிதில் ஒப்பித்துவிடுவர். அவற்றைக் கொண்டு முடிவெடுக்கப் பழக்க, கரும்பலகையில் இதை எழுதுங்கள்: வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்தவருக்குக் காலை 8 மணிக்கு நாடி 84, அழுத்தம் 120/80, 9 மணிக்கு நாடி 112, அழுத்தம் 116/88. அமைதியின்றிப் புரள்கிறார்; தண்ணீர் கேட்கிறார்.

“அழுத்தம் இயல்புதான்” என்றே பலர் சொல்வர். உள்ளே இரத்தம் கசிந்தால் உடல் முதலில் இதயத்தை விரைவாக்கி, குழாய்களைச் சுருக்கி, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அது இறங்குவதற்குள் நிறைய இரத்தம் போயிருக்கும். மேல், கீழ் அளவுகளின் இடைவெளி 40-லிருந்து 28 ஆனதையும் கணக்கிடச் சொல்லுங்கள். வலியாலும் நாடி விரையும்தான். கசிவு இல்லையென உறுதியாகும்வரை அப்படி முடிவுகட்டக் கூடாது. காயக்கட்டையும் முதுகின் அடியையும் பார்த்து, தண்ணீர் கொடுக்காமல், உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். அவரிடம் சொல்லும் மூன்று வாக்கியங்களை மாணவரே எழுதட்டும்.