பென்டிரைவும் ஓர் அமானிதமே



சென்ற ரமளானுக்கு முன் நடந்ததைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் போவோம். திருச்சியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் வந்த மருத்துவ உதவி மனுக்களை நம் ஊழியர் ஒரு பென்டிரைவில் வைத்திருந்தார். சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தவர், அதைக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அஸர் நேரத்தில் நினைவு வந்து ஓடினோம். கடைக்காரர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இடையில் யாராவது திறந்து பார்த்தார்களா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், நோய் அறிக்கை எல்லாம் அதில் இருந்தன. கூச்சத்தை விட்டு எங்களிடம் மட்டும் சொன்னவர்களின் விவரங்கள் அவை. தவறு எங்களுடையது.

அமானிதம் என்றால் பணமும் நகையும் மட்டுமல்ல; நம்பிச் சொன்ன சேதியும் அமானிதம்தான். அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழையும்படி சூரா அந்நூர் 27ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. ஒருவரின் கோப்பும் அவர் வீட்டு வாசல் போன்றதே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பளித்தது.

உலகில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். 2017இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலைய ஊழியர் ஒருவர் தொலைத்த பென்டிரைவ் வேறொருவர் கையில் கிடைத்தது. பூட்டு எதுவும் இல்லாததால் அவர் நூலகக் கம்ப்யூட்டரில் போட்டு எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. நிர்வாகத்துக்கு 1,20,000 பவுண்டு அபராதம். 2022இல் ஜப்பானின் அமகசாகி நகரில், மது அருந்திய ஒப்பந்த ஊழியர் ஒருவர் சுமார் 4,60,000 பேரின் விவரங்கள் இருந்த பையைத் தொலைத்தார். அந்தப் பென்டிரைவ் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தது. பையும் சில நாட்களில் கிடைத்தது. ஆனால் பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து என்பதை அதிகாரிகளே செய்தியாளர்களிடம் சொல்லி, கண்டனத்துக்கு ஆளானார்கள். பூட்டு மட்டும் போதாது, நாவையும் காக்க வேண்டும்.

என்கிரிப்ஷன் என்பது கோப்பில் உள்ளதைப் புரியாத குறிகளாக மாற்றிவிடுவது. சரியான பாஸ்வேர்டு தந்தால்தான் அது பழைய நிலைக்கு வரும். வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போட்ட பாஸ்வேர்டு பென்டிரைவைக் காக்காது. அதற்குத் தனிப் பூட்டு வேண்டும்.

செய்யும் முறை:

1. முதலில் கோப்புகளை வேறிடத்தில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. விண்டோஸ் ப்ரோ உள்ள கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'டர்ன் ஆன் பிட்லாக்கர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் பதிப்பில் இந்த வசதி இல்லை. ஆனால் பூட்டிய பென்டிரைவை அதில் திறக்கலாம். ஹோம் மட்டும் வைத்திருப்போருக்கு வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் உண்டு.

3. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி வேண்டாம்.

4. பிட்லாக்கர் தரும் ரிக்கவரி கீயை அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பாஸ்வேர்டும் மறந்து இதுவும் தொலைந்தால், கோப்புகளைத் திரும்பப் பெற வழியில்லை. குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவருக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.

மறக்கக் கூடாத ஒன்று: கடைக் கம்ப்யூட்டரில் பூட்டைத் திறந்துவிட்டால், திறந்திருக்கும் வரை பாதுகாப்பு இல்லை. பிரிண்ட் எடுக்க வேண்டிய ஒரே கோப்பை வேறொரு சாதாரணப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்தால், டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிட்டு, லாக் அவுட் செய்துவிட்டு வாருங்கள். ஆதார் கேட்குமிடத்தில் ஏற்றுக்கொண்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள்.

இப்போது நம் அலுவலகத்தில் மனுக்கள் பூட்டிய பென்டிரைவில் மட்டுமே இருக்கின்றன. பிரிண்டும் இங்கேயே எடுக்கிறோம். உங்கள் பென்டிரைவைப் பூட்டித் தர உதவி வேண்டுமானால் மஃரிபுக்குப் பின் வாருங்கள். பாஸ்வேர்டை மட்டும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள், எங்களிடமும் சொல்லாதீர்கள்.

நம்மை நம்பியவர்களின் மானத்தைக் காக்க அல்லாஹ் நமக்குத் துணை புரிவானாக. ஆமீன்.