அடிப்படை வருமானமும் அதன் ஊற்றும்

ஒரு நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும், செல்வர் வறியர் என்னும் வேறுபாடு காணாமல், ஒரு தொகையை அரசு தவறாது வழங்குதல் வேண்டும் என்பர் பொருளியல் அறிஞர் சிலர். இதனை அனைவர்க்குமான அடிப்படை வருமானம் என்று வழங்குவர். இதனைக் கேட்போர் முதலில் வினவுவது, 'பணத்திற்கு எங்கே போவது?' என்பதே. அவ்வினாவுக்குக் கூறும் விடையைப் பொறுத்தே இத்திட்டம் வாழ்வதும் வீழ்வதும் அமைகின்றன.

இவ்வினாவை முதலில் நேர்நின்று எதிர்கொண்டவருள் ஒருவர் தாமஸ் பெய்ன். 1797இல் வெளியான 'வேளாண் நீதி' என்னும் சிறுநூலில் அவர் கூறிய கருத்து எளியது. நிலம் இயற்கையில் எல்லார்க்கும் பொது. அதனைத் திருத்தியவனுக்கு உரியது அவன் உழைப்பால் கூடிய மதிப்பு மட்டுமே. ஆகவே, நிலமுடையோர் சமுதாயத்திற்கு வாடகை கடன்பட்டவராவர். இறந்தோர் விட்டுச்செல்லும் சொத்தில் ஒரு பங்கை வரியாகப் பெற்று, 21 வயது எய்தும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை 15 பவுனும், 50 வயது கடந்தோர்க்கு ஆண்டுதோறும் 10 பவுனும் வழங்கலாம் என்றார். இதனை அவர் ஈகை என்று கொள்ளவில்லை. உரிமை என்றே கொண்டார்.

பெய்ன் நிலத்தை வைத்துச் சொன்னதனை எண்ணெயை வைத்துச் செய்துகாட்டியது அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம். அங்குப் புருடோ விரிகுடாவில், மாநிலத்திற்கு உரிய நிலத்தில், 1968இல் எண்ணெய் கண்டனர். மறு ஆண்டு குத்தகை ஏலத்தில் 90 கோடி டாலர் கிடைத்தது. சில ஆண்டுகளில் அது செலவழிந்து போயிற்று. அந்தப் பட்டறிவே 1976இல் அரசமைப்புத் திருத்தத்திற்கு வழிகோலியது. கனிமக் குத்தகை, உரிமைத்தொகை ஆகியவற்றில் குறைந்தது 25 விழுக்காட்டை நிலைநிதியில் சேர்த்தல் வேண்டும், முதலைத் தொடலாகாது, அது ஈட்டுவதனை மட்டுமே செலவிடலாம். அந்த ஈட்டத்தை மக்களுக்கு நேரே பகிர்ந்தளிக்க முயன்றவர் ஆளுநர் ஜே ஹாமண்ட். நெடுநாள் வாழ்ந்தோர்க்கு மிகுதியாகத் தரும் முதற்சட்டத்தை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1982இல் செல்லாதென்றது. அதன்பின் அவ்வாண்டிலேயே முதியோர் முதல் குழந்தைவரை ஆளுக்கு 1,000 டாலர் ஈவுத்தொகையாக வழங்கப்பட்டது.

சும்மா வரும் பணம் மக்களைச் சோம்பேறியாக்காதா? டேமன் ஜோன்ஸ், இயோனா மரினெஸ்கு ஆகிய இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஈவுத்தொகையால் மொத்த வேலைவாய்ப்புக் குறைந்ததாகக் காணவில்லை. பகுதிநேர வேலை மட்டும் சற்றே கூடியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் சிறு தொகையைக் கொண்டு யாரும் வேலையை விட்டுவிடப் போவதில்லை என்று மறுப்போரும் உளர். அதிலும் உண்மை உண்டு.

செல்வர்க்கு ஏன் தரவேண்டும் என்னும் வினா இதனினும் கூரியது. ஒரு கையால் கொடுத்ததனை மறு கையால் வருமானவரியாகத் திரும்பப் பெறலாம் என்பதே இதற்கு அறிஞர் கூறும் விடை. எல்லார்க்கும் ஒரே தொகை தந்து, இருப்போரிடம் மிகுதியாக வரி கொண்டால், தகுதி ஆராயும் அலுவலகமும் வேண்டா. 'நான் ஏழை' என்று கைகட்டி நிற்கும் இழிவும் இல்லை. ஆயின் அலாஸ்கா, ஈவுத்தொகைச் சட்டம் இயற்றிய அதே 1980இல், மாநில வருமானவரியை நீக்கிவிட்டது. ஹாமண்டுக்கு அதில் மனமில்லை. எண்ணெய் இருக்க வரி எதற்கு என்று பிறர் எண்ணினர்.

எண்ணெய் விலை சரிந்தபோது இதன் விளைவு தெரிந்தது. பள்ளிக்கும் சாலைக்கும் பணம் தேடிய அரசு, வரி இல்லாமையால், ஈவுத்தொகையின்மேல் கைவைத்தது. 2015இல் 2,072 டாலராக இருந்த தொகை, 2016இல் ஆளுநர் பில் வாக்கர் தம் தடையதிகாரத்தைப் பயன்படுத்தியதால் 1,022 டாலராயிற்று. முதலுக்குத்தான் அரசமைப்பின் காப்பு உண்டு, ஈவுக்கு இல்லை, அஃது ஆண்டுதோறும் சட்டமன்றம் ஒதுக்கினால்தான் கிடைக்கும் என்று மாநில உச்சநீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

இவ்வெட்டின் தன்மை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆளுக்கு ஏறத்தாழ 1,000 டாலர் குறைந்தால், ஐவர் கொண்ட மீனவக் குடும்பம் 5,000 டாலரை இழக்கிறது. எண்ணெய்க் குழும அதிகாரி தனியராயின் இழப்பது 1,000 டாலர் மட்டுமே. பழங்கால அரசர் விதித்த தலைவரிக்கும் இதற்கும் வேறுபாடு காண்டல் அரிது. 2022இல் எண்ணெய் விலை ஏறியதும் தொகை 3,284 டாலராக உயர்ந்தது. 2025இல் மீண்டும் 1,000 டாலராயிற்று. 1982இல் தந்ததும் அதே 1,000 தான். இடைப்பட்ட 43 ஆண்டுகளில் அமெரிக்காவில் விலைவாசி மும்மடங்குக்கு மேல் உயர்ந்துள்ளது. நிலைநிதியோ 8,000 கோடி டாலரைக் கடந்து நிற்கிறது.

வருமானவரியை மீண்டும் கொணரும் சட்டவரைவொன்று 2017இல் அம்மாநிலக் கீழவையில் நிறைவேறியது. மேலவை அதனைத் தோற்கடித்தது. அடுத்த ஆண்டே, நிலைநிதியின் ஈட்டத்திலிருந்து ஆண்டுதோறும் அரசின் பொதுச்செலவுக்கும் எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் வந்தது.